இறங்கும் வழி ரகசியமா?

புனேவுக்கு விமானத்தில் வந்து போகிறவர்கள் பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. இந்த ஊரில் பயணிகளுக்கென்று தனி ஓடுபாதை கிடையாது. லோஹேகாவில் இருப்பது இந்திய விமானப்படையின் ஓடுபாதை. கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் உட்கார்ந்து உத்தரவு கொடுப்பவர்களும் விமானப்படையினரே. டெர்மினல் மட்டும்தான் விமான நிலைய ஆணையத்தின் பொறுப்பு. ஒண்டுக் குடித்தனம் என்றால் சரியாக இருக்கும். வீட்டுக்காரர் சௌகரியம் பார்த்துத்தான் குடித்தனக்காரர் கிணற்றடிக்குப் போக முடியும். சுகோய்கள் வரிசையாகக் கிளம்பும்போது டெல்லி விமானம் ஓரமாக நின்று காத்திருக்கும்.

இந்த ஏற்பாட்டுக்கு வயது அதிகம். பம்பாய் நகரத்தின் வான் பாதுகாப்புக்காக பிரிட்டிஷ்காரர்கள் 1939இல் அமைத்த தளம் இது. 1997இல் முதல் சுகோய்-30 விமானங்கள் படையில் சேர்க்கப்பட்டதும் இங்கேதான். ஓடுபாதையைச் செப்பனிட வேண்டியிருந்ததால் 2020 அக்டோபரிலிருந்து ஓராண்டுக்கும் மேலாக இரவு விமானங்களே இல்லை. 2021 அக்டோபர் 16 முதல் 29 வரை விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். 2024 ஜூலையில் புதிய டெர்மினல் திறந்தது. கண்ணாடியும் பளபளப்புமாக ஜோராக இருக்கிறது. ஆனால் ஓடுபாதை பழையதுதான், உரிமையாளரும் பழையவர்தான்.

இதையெல்லாம் நான் கவனிப்பதற்குக் காரணம் என் பிழைப்பு. கராடியில் ஒரு அலுவலகத்தில் விமானப் பயணத் திட்டம் போடும் சாஃப்ட்வேரைப் பரிசோதிப்பது என் வேலை. ஒரு விமானம் கிளம்புவதற்கு முன்னால் தரையில் ஒருவர் உட்கார்ந்து எந்த வழியில் போவது, எவ்வளவு எரிபொருள் நிரப்புவது, போகிற ஊரில் இறங்க முடியாவிட்டால் எங்கே போவது என்று கணக்குப் போடுகிறார். அவருக்கு டிஸ்பாட்சர் என்று பெயர். அவர் முன்னால் இருக்கும் திரையில் வருவது சரிதானா என்று நாங்கள் பார்க்கிறோம்.

நான் பிறந்ததும் ஒரு விமானப்படைத் தளத்தின் நிழலில்தான். கோவைக்குப் பக்கத்தில் சூலூர். அப்பாவுக்கு அங்கே சைக்கிள் கடை. பஞ்சர் ஒட்டிக்கொண்டே சத்தத்தை வைத்து எந்த விமானம் என்று சொல்லிவிடுவார். மதில் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று அவர் கேட்டதில்லை, எங்களையும் கேட்கவிட்டதில்லை. "அது அவங்க வேலை, கண்ணு" என்பதோடு முடிந்துவிடும். அந்த மரியாதை எனக்குள் இன்னும் இருக்கிறது. எனவே இனி நான் சொல்லப்போவதை ராணுவத்தின் மீதான குறையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு சார்ட்டர் நிறுவனத்தின் டிஸ்பாட்சர் போன் செய்தார். வயதானவர், தமிழர், ராஸ்தா பேட்டையில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம். நோயாளி ஒருவரை ஏற்றிக்கொண்டு ஒரு சிறு ஜெட் கிளம்ப வேண்டும். போகிற ஊரில் வானிலை சரியில்லை. மாற்று விமான நிலையமாகப் பக்கத்தில் இருந்த ஒரு விமானப்படைத் தளத்தைப் போட்டுப் பார்த்திருக்கிறார். ஓடுபாதையின் நீளம் திரையில் வந்தது. கடல் மட்டத்திலிருந்து எத்தனை அடி உயரம் என்பதும் வந்தது. ஆனால் அப்ரோச் என்று இருக்கும் இடத்தைத் தட்டினால் பட்டியல் காலி.

"என்னம்மா, லிஸ்ட்ல ஒண்ணுமே வரலையே? உங்க சாஃப்ட்வேர்ல பழுதா, இல்ல அந்த ஊர்ல அப்ரோச்சே கிடையாதா?"

"ரெண்டும் இல்லை சார். அப்ரோச் இருக்கும். நமக்குத்தான் கொடுக்கலை."

"கொடுக்கலைன்னா திரையில அப்படிப் போட வேண்டியதுதானே அம்மா? காலியா விட்டா நான் என்னன்னு எடுத்துக்கிறது?"

அவர் கேள்வி நியாயமானது. வேறு வழியில்லாமல் தொலைவில் இருந்த இன்னொரு சிவிலியன் விமான நிலையத்தை மாற்றாகப் போட்டார். தூரம் கூடினால் எரிபொருள் கூடும். எரிபொருள் கூடினால் சிறிய விமானத்தில் வேறு எதையாவது குறைக்க வேண்டும். அன்றைக்கு உறவினர் ஒருவர் கீழே இறங்கிக்கொண்டார். மற்றபடி நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் அந்தக் காலிப் பட்டியல் என்னைக் கொஞ்ச நாள் விடவில்லை.

அப்ரோச் என்பது என்ன? வெயில் காலத்துப் பகலில் விமானி ஓடுபாதையைக் கண்ணால் பார்த்தே இறங்கிவிடலாம். மேகமோ மழையோ இருட்டோ வந்துவிட்டால் கருவிகளை நம்பித்தான் இறங்க வேண்டும். அதற்கென்று வகுக்கப்பட்ட பாதைதான் அப்ரோச். இந்தப் புள்ளியை இந்த உயரத்தில் கடக்க வேண்டும், இந்தத் திசையில் திரும்ப வேண்டும், இந்த உயரம் வந்தும் ஓடுபாதை தெரியாவிட்டால் மறுபடி மேலே ஏறி இன்ன பக்கம் போக வேண்டும் என்று அதில் அடிக்கணக்கில் சொல்லியிருக்கும். சுற்றுவட்டாரத்தில் உள்ள மலை, கோபுரம், புகைபோக்கி எல்லாவற்றையும் அளந்து, அவற்றுக்கு மேல் போதிய இடைவெளி வைத்துப் போட்ட பாதை அது.

இதில் பிரபலமானது ஐ.எல்.எஸ். ஓடுபாதை ஓரத்திலிருந்து இரண்டு ரேடியோ கற்றைகள் கிளம்புகின்றன. ஒன்று இடமா வலமா என்று சொல்லும். மற்றது மேலா கீழா என்று சொல்லும். சரிவு பெரும்பாலும் 3 டிகிரி. அதாவது ஒவ்வொரு கடல் மைலுக்கும் சுமார் 300 அடி இறங்க வேண்டும். சாதாரண ஐ.எல்.எஸ்.ஸில் தரைக்கு மேல் 200 அடி வரை வரலாம். அதற்குள் ஓடுபாதை விளக்குகள் கண்ணில் பட வேண்டும்.

முன்பெல்லாம் இந்தப் பாதைகள் காகிதத்தில் மட்டும் இருந்தன. எல்ரே ஜெப்பசன் என்ற அமெரிக்கத் தபால் விமானி தான் இறங்கும் இடங்களின் மேடு பள்ளங்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தார். மற்ற விமானிகள் கேட்டதால் 1934இல் அதை அச்சிட்டு 10 டாலருக்கு விற்கத் தொடங்கினார். இன்றும் விமானிகள் இந்த வரைபடத்தை 'ஜெப்' என்றே சொல்கிறார்கள். இப்போது அதே விவரம் கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி எழுதப்படுகிறது. அதற்கு ஏரின்க் 424 என்றொரு உலகப் பொது விதிமுறை இருக்கிறது. நேராகப் போ, வளைந்து போ, இந்த உயரம் வரும்வரை ஏறு என்பது போல 23 வகைக் கட்டளைகள். எந்தச் சிக்கலான பாதையையும் இந்த 23ஐக் கோத்து எழுதிவிடலாம்.

எழுதியது அப்படியே நிலைப்பதில்லை. புதிதாக ஒரு கட்டடம் எழும்புகிறது. ஒரு கருவியின் அலைவரிசை மாறுகிறது. எனவே 28 நாட்களுக்கு ஒருமுறை, ஒரு வியாழக்கிழமை, உலகம் முழுவதும் ஒரே தேதியில் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுகிறார்கள். பஞ்சாங்கம் மாதிரி, தேதிகள் பல ஆண்டுகளுக்கு முன்பே குறித்தாகிவிட்டன. ஒவ்வொரு நாடும் தன் மாற்றங்களை முன்கூட்டியே வெளியிட வேண்டும். இந்தியாவில் விமான நிலைய ஆணையம் ஏ.ஐ.பி. என்ற பெரிய தொகுப்பில் வெளியிடுகிறது. இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். ஜெப்பசன் போன்ற நிறுவனங்கள் அதைப் படித்துக் குறியீடாக மாற்றி விற்கின்றன. எங்கள் சாஃப்ட்வேர் அதை வாங்கி விழுங்கிக்கொள்கிறது.

புனே இந்தத் தொகுப்பில் இருக்கிறது. பயணிகள் விமானம் வருகிற எல்லா ராணுவத் தளங்களும் இப்படித்தான் உள்ளே வருகின்றன: ஸ்ரீநகர், லே, சண்டிகர், பாக்டோக்ரா, ஜோத்பூர், கடற்படையின் கோவா டபோலிம், விசாகப்பட்டினம், போர்ட் பிளேர். ராணுவத் தளமாக இருந்துகொண்டே இறங்கு வழியை வெளியிடலாம் என்பதற்கு இவைதான் சாட்சி. பயணிகள் விமானம் போகாத தளங்களில்தான் சிக்கல்.

சட்டப்படி பார்த்தால் இதில் தவறு ஏதும் இல்லை. 1944 டிசம்பரில் சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கைதான் உலக விமானப் போக்குவரத்துக்கு அடிப்படை. அதன் 3ஆவது பிரிவு, இது சிவிலியன் விமானங்களுக்கு மட்டுமே பொருந்தும், ராணுவ, சுங்க, போலீஸ் விமானங்களுக்குப் பொருந்தாது என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறது. தன் ராணுவத் தளத்தின் விவரத்தைக் கொடு என்று எந்த நாட்டையும் யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

சட்டத்தைவிடச் சுவாரசியமான காரணம் ஒன்று இருக்கிறது. ராணுவத்தின் அப்ரோச்களில் சில, கொடுத்தாலும் நம் பைக்குள் அடங்காதவை. அவர்களிடம் டேக்கன் என்றொரு கருவி உண்டு. திசையையும் தூரத்தையும் சேர்த்துச் சொல்லும். சிவிலியன் விமானத்தில் உள்ள கருவி அதிலிருந்து தூரத்தை மட்டும் படித்துக்கொள்ளும், திசையைப் படிக்காது. பாதி மட்டும் புரிகிற பாஷை மாதிரி. டேக்கனை நம்பிப் போட்ட பாதையை ஒரு பயணிகள் விமானத்தில் ஏற்றி என்ன பிரயோஜனம்?

இன்னொன்று, ரேடார் பார்த்து வாயால் சொல்லியே இறக்குவது. இதை எனக்கு விளக்கியவர் விஸ்ராந்த்வாடியில் எங்கள் குடியிருப்பில் இருக்கும் அண்ணாச்சி. திருநெல்வேலிக்காரர், விமானப்படையில் ரேடார் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். "கண்ணைக் கட்டிக்கிட்டு வர்ற ஆளை வாசல் வரைக்கும் கூட்டிட்டு வர்ற மாதிரிதான் தாயி. வலதுல போ, கொஞ்சம் இடதுல வா, இறக்கம் சரியா இருக்கு, கொஞ்சம் மேல இருக்கேன்னு சொல்லிக்கிட்டே இருக்கணும். அஞ்சு விநாடி நம்ம வாய் மூடினா அவன் பதறிருவான்" என்றார். அது உண்மையில் விதியே: கடைசிக் கட்டத்தில் 5 விநாடிக்கு மேல் மௌனம் கூடாது. விமானி பதில்கூடச் சொல்ல வேண்டியதில்லை, கேட்டபடி செய்தால் போதும். இந்த அப்ரோச் ஒரு மனிதரின் குரலில் இருக்கிறது. 23 கட்டளைகளில் அதை எப்படி எழுதுவது?

"சரி, விவரம் தெரிந்த புள்ளிகளை விமானியே தட்டிக்கொண்டால் என்ன?" என்று கேட்கிறவர்கள் உண்டு. அட்சரேகை, தீர்க்கரேகை கையில் இருந்தால் விமானக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாமே? கூடாது. செயற்கைக்கோளை நம்பி இறங்கும் அப்ரோச்சை டேட்டாபேஸிலிருந்து அதன் பெயரைச் சொல்லி எடுக்க வேண்டும், புள்ளிகளை விமானி கையால் எழுதக் கூடாது என்பது சர்வதேச விதி. ஒரு எண் இடம் மாறினால் போதும், பாதை மலைக்குள் போய்விடும்.

எண்ணைச் சரியாகத் தட்டினாலும் ஆபத்து தீராது. 1802இல் பரங்கிமலை அருகே லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய மாபெரும் நில அளவைதான் இந்திய வரைபடங்களின் தாய். பூமியின் உருவத்துக்கு அந்த மரபில் எவரெஸ்ட் போட்ட கணக்கு வேறு, இன்றைய செயற்கைக்கோள்கள் பயன்படுத்தும் கணக்கு வேறு. உலக விமானத்துறை 1998 ஜனவரி 1 முதல் இரண்டாவது கணக்குக்கு மாறிக்கொண்டது. ஒரே இடத்தைப் பழைய வரைபடத்திலும் புதியதிலும் பார்த்தால் நூறு மீட்டர் அளவுக்குக்கூடத் தள்ளி நிற்கும். பெரிய ஓடுபாதையின் அகலமே வழக்கமாக 45 மீட்டர்தான்.

இது வெறும் ஏட்டுக் கவலை அல்ல. எங்கள் புனே மாவட்டத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 1962 ஜூலை 7 அன்று, மழைக்கால இரவில், அலிட்டாலியா நிறுவனத்தின் டி.சி.-8 விமானம் பாங்காக்கிலிருந்து பம்பாய்க்கு வந்துகொண்டிருந்தது. ஜுன்னர் அருகே ஒரு மலையில் மோதியது. விமானத்தில் இருந்த 94 பேரும் இறந்தார்கள். பம்பாய்க்கு உண்மையில் இருந்ததைவிட அருகில் வந்துவிட்டதாக விமானி நினைத்து, முன்கூட்டியே இறங்கத் தொடங்கியதுதான் காரணம் என்று விசாரணை முடிவு செய்தது. குறைந்தபட்சப் பாதுகாப்பு உயரத்தை மீறியதும், அந்தப் பக்கத்து நில அமைப்பு விமானிக்குப் பழக்கமில்லாததும் துணைக் காரணங்கள். சஹ்யாத்ரி மலை பகலில் பார்க்க அழகு. சிங்ககட் கோட்டை 1,300 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. இரவில், மேகத்துக்குள், ஒரு தாளிலோ திரையிலோ எழுதியிருக்கும் எண்தான் அந்த மலை.

அப்ரோச்சை ஏற்றிக்கொண்டு அதைப் பின்பற்றினால் இன்னொரு வகைத் தவறும் குறையும். 2013 நவம்பரில் அமெரிக்காவின் விச்சிட்டா நகரில், மெக்கானல் விமானப்படைத் தளத்துக்குப் போக வேண்டிய ராட்சத சரக்கு விமானம் ஒன்று, சில மைல் தள்ளியிருந்த ஜபாரா என்ற சிறிய விமான நிலையத்தில் இறங்கிவிட்டது. அங்கே ஓடுபாதையின் நீளம் ஏறக்குறைய பாதிதான். நல்ல வேளையாக மறுநாள் பத்திரமாகக் கிளம்பியது. 2016 ஜூலையில் ராபிட் சிட்டிக்குப் போக வேண்டிய டெல்டா நிறுவனத்தின் பயணிகள் விமானம் பக்கத்து எல்ஸ்வொர்த் விமானப்படைத் தளத்தில் இறங்கியது. பயணிகள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள்.

கோவைக்காரர்களுக்கு இது புரியும். பீளமேடு ஓடுபாதையும் எங்கள் சூலூர் ஓடுபாதையும் அருகருகே, கிட்டத்தட்ட ஒரே திசையில் கிடக்கின்றன. மேலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். வெளியில் இருப்பவருக்கு அடையாளம் சொல்ல வேண்டியது இரண்டுக்கும்தான், ஒன்றுக்கு மட்டும் அல்ல.

அண்ணாச்சியிடம் ஒருநாள் நேராகவே கேட்டேன்: "இறங்கு வழியை வெளியே கொடுத்தா என்ன அண்ணாச்சி கெட்டுப்போகும்?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு சொன்னார்: "நீ கேக்கது சரிதான். ஆனா எந்த முனையில எந்தக் கருவி, எந்த அலைவரிசை, எத்தனை அடி வரைக்கும் அவன் மழையில இறங்க முடியும்னு எல்லாம் எழுதிக் கொடுத்தா, எப்பம் அந்தத் தளம் முடங்கும்னு எதிராளிக்குச் சொன்ன மாதிரிதானே? சமாதான காலத்துல இது உனக்கு உதவி. சண்டைன்னு வந்தா அது அவனுக்கு உதவி."

இந்த வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2025 மே மாதம் எல்லையில் சண்டை மூண்டபோது வடக்கிலும் மேற்கிலும் 32 விமான நிலையங்களைச் சில நாட்களுக்குப் பயணிகள் விமானங்களுக்கு மூட வேண்டியிருந்தது. அதே மாதம் டி.ஜி.சி.ஏ. ஓர் உத்தரவு போட்டது. பாதுகாப்புத் துறையின் விமான நிலையங்களில், முக்கியமாக மேற்கு எல்லைப் பக்கம் இருப்பவற்றில், ஏறும்போதும் இறங்கும்போதும் 10,000 அடிக்குக் கீழே ஜன்னல் திரைகளை மூடி வைக்க வேண்டும் என்றது அந்த உத்தரவு. அவசர வழி வரிசைக்கு மட்டும் விலக்கு இருந்தது. சிகாகோ உடன்படிக்கையின் 36ஆவது பிரிவே தன் வானத்தில் கேமராவைத் தடைசெய்யும் உரிமையை ஒவ்வொரு நாட்டுக்கும் கொடுக்கிறது. தளத்தில் எத்தனை விமானம் நிற்கிறது, எந்தக் கொட்டகை திறந்திருக்கிறது என்பதெல்லாம் போனில் படமாக வெளியே போகக் கூடாது. இதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆனால் தளத்துக்குள் இருப்பதும் தளத்துக்கு இறங்கும் வழியும் ஒன்றல்ல. முன்னது நாளுக்கு நாள் மாறும், அதைத் தெரிந்துகொள்வதில்தான் எதிரிக்கு லாபம். பின்னது வருடக்கணக்கில் அங்கேயே கிடக்கும் கான்கிரீட்டையும் சுற்றியுள்ள மலையையும் பொறுத்தது. ஓடுபாதை எந்தத் திசையில் இருக்கிறது என்பது செயற்கைக்கோள் படம் பார்க்கத் தெரிந்த பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும். ரேடியோ கற்றைகளோ ஊரறிய ஒலிபரப்பாகிக்கொண்டிருப்பவை, கேட்கும் கருவி உள்ள யாருக்கும் கேட்கும். சண்டை வந்தால் அணைத்துவிடலாம். வெளியிட்ட தாளை வைத்துக்கொண்டு எவரும் அனுமதியில்லாமல் இறங்கிவிடவும் முடியாது.

மற்ற நாடுகள் இரண்டு பக்கமும் நடந்து பார்த்திருக்கின்றன. பிரிட்டன் தன் ராணுவத் தளங்களுக்கென்றே தனி ஏ.ஐ.பி. போட்டு இணையத்தில் வைத்திருக்கிறது. யாரும் படிக்கலாம். அமெரிக்க ராணுவம் உலக விமான நிலையங்களின் டேட்டாபேஸ் ஒன்றைப் பல ஆண்டுகள் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. 2006 அக்டோபரில் அதைப் பொதுமக்கள் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. அதையே நம்பியிருந்த சிறு சாஃப்ட்வேர்காரர்கள் திண்டாடிப் போனார்கள். ஆனால் அதே நாட்டில் உள்நாட்டு அப்ரோச் வரைபடங்களை அரசாங்கமே இன்றும் இலவசமாக வெளியிடுகிறது.

நம் நாட்டிலும் நிலைமை அப்படியே உறைந்து நிற்கவில்லை. விமானப்படைத் தளங்களை நவீனப்படுத்தும் திட்டத்தில் முதல் கட்டமாக 30 தளங்களுக்குப் புதிய ஐ.எல்.எஸ்., ஓடுபாதை விளக்குகள், வழிகாட்டும் கருவிகள் வந்தன. கடற்படை, கடலோரக் காவல்படைத் தளங்களையும் சேர்த்து மேலும் 37க்கான ஒப்பந்தம் 2020 மே மாதம் கையெழுத்தானது. அதாவது, சிவிலியன் விமானத்துக்குப் புரிகிற பாஷையில் பேசும் கருவிகளே இப்போது ராணுவத் தளங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. நாட்டின் பணத்தில் போட்ட கருவி. ஆபத்துக் காலத்தில் நாட்டின் எந்த விமானத்துக்கும் அது பயன்பட வேண்டாமா?

ஆபத்துக் காலம் எப்படி வரும் என்பதைத் தமிழ்நாடு ஒருமுறை பார்த்துவிட்டது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் பெய்த மழையில் மீனம்பாக்கம் ஓடுபாதை வெள்ளத்தில் மூழ்கியது. சென்னை விமான நிலையம் நாட்கணக்கில் மூடிக் கிடந்தது. ஆயிரக்கணக்கானோர் தவித்தார்கள். அப்போது கை கொடுத்தது அரக்கோணத்தில் உள்ள கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி. நாட்டின் மிக நீளமான ராணுவ ஓடுபாதைகளில் ஒன்று அங்கே இருக்கிறது. ராணுவ விமானங்களோடு பயணிகள் விமானங்களும் அங்கிருந்து பறந்தன. அந்தத் தளத்தில் தற்காலிகமாக ஒரு விமான நிலையமே முளைத்தது.

அதைச் செய்து காட்டியவர்களுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும். ஆனால் என் மாதிரி ஆட்களுக்கு அந்தச் செய்தியைப் படிக்கும்போது வேறொரு கேள்வி எழும். அந்தத் தளத்தை முன்பின் பார்த்திராத விமானி ஒருவரின் திரையில் அன்று என்ன தெரிந்திருக்கும்? முறையாக ஒரு மாற்றத்தை டேட்டாபேஸில் ஏற்ற 28 நாள் சுழற்சி வேண்டும். வெள்ளம் 28 நாள் அவகாசம் கொடுத்துவிட்டு வருவதில்லை. மேகம் தாழ்ந்து கிடக்கும் டிசம்பரில் கண்ணால் பார்த்து இறங்குவோம் என்று நம்பிக்கொண்டிருக்கவும் முடியாது.

ராஸ்தா பேட்டைப் பெரியவர் கேட்டதற்கு எங்கள் அலுவலகத்தில் ஒரு பதில் செய்தோம். வாதாடிக் கொஞ்ச காலம் ஆயிற்று. இப்போது அப்படிப்பட்ட தளத்தைத் தேர்ந்தெடுத்தால் பட்டியல் வெறுமனே காலியாக நிற்பதில்லை. 'இந்தத் தளத்தின் அப்ரோச் விவரம் வெளியிடப்படவில்லை. இருக்கக்கூடும்' என்று ஒரு வரி வருகிறது. பார்க்கச் சிறிய வேலை. ஆனால் 'இல்லை' என்பதற்கும் 'எனக்குத் தெரியாது' என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு கம்ப்யூட்டர் ஒப்புக்கொள்வது அரிது. விமானத் தொழிலில் அந்த வித்தியாசத்துக்கு எடை அதிகம்.

மிச்ச வேலை எங்கள் கையில் இல்லை. எல்லாத் தளத்தையும் திறந்து காட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. எல்லையோரத் தளங்களை விட்டுவிடலாம். டேக்கனையும் குரல் வழி அப்ரோச்சையும் அவர்களே வைத்துக்கொள்ளட்டும். பெரிய நகரங்களுக்குப் பக்கத்தில், ஆபத்தில் மாற்று இடமாகப் பயன்படக்கூடிய சில தளங்களைத் தேர்ந்தெடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஐ.எல்.எஸ். அப்ரோச்சையாவது, குறைந்தபட்ச உயரங்களோடு, ஏ.ஐ.பி.யில் சேர்த்து, 28 நாளுக்கு ஒருமுறை சரிபார்த்தால் போதும். 'முன் அனுமதி இல்லாமல் பயன்படுத்தக் கூடாது' என்று கொட்டை எழுத்தில் போடட்டும். சண்டை வந்தால் ஒரு அறிவிப்பில் நிறுத்திவிடலாம். 2025 மே மாதம் 32 இடங்களில் அப்படி நிறுத்திக் காட்டியவர்கள்தானே?

அண்ணாச்சியும் கடைசியில் இவ்வளவு தூரம் வந்தார். "அனுமதி எங்க கையில இருக்கட்டும். வழி உங்க கையில இருந்தா தப்பில்ல" என்றார். இரண்டு பக்கமும் ஒப்புக்கொள்ளக்கூடிய ஏற்பாடு இதுவாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. புனேயில் பல ஆண்டுகளாக நடப்பதும் இதுதானே? ஓடுபாதை அவர்களுடையது, நேரமும் அவர்கள் சொல்வதுதான். இறங்கும் வழி மட்டும் எல்லோருக்கும் தெரியும். அதனால் சுகோய்க்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

சென்னையில் அடுத்த பெருமழை எந்த டிசம்பரில் வரும் என்று யாருக்கும் தெரியாது. அது வருவதற்கு முந்தைய ஏதாவது ஒரு வியாழக்கிழமையில் அரக்கோணமும் தாம்பரமும் சூலூரும் விமானியின் திரையில் முழு விவரத்தோடு இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வது நல்லது.